அரிதாரம் கழுவிய பிறகு

லண்டனில் ஒரு மதியச் சாப்பாடு. மேசையைச் சுற்றி மூன்று பேர். உளவு நாவல்களால் உலகப் பெயர் வாங்கிய ஜான் லெ காரே ஒருவர். எதிரில் சர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்ட்; பிரிட்டனின் வெளிநாட்டு உளவுத்துறையான எம்.ஐ.6-க்குத் தலைவராக இருந்து, அப்போதுதான் ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் நடிகர் அலெக் கின்னஸ். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. லெ காரேயின் நாயகன் ஜார்ஜ் ஸ்மைலியாக பிபிசி தொடரில் நடிக்கச் சம்மதித்திருந்தார். நிஜமான உளவுத் தலைவர் ஒருவரை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் விரும்பியதால்தான் இந்தச் சந்திப்பு.

ஓல்ட்ஃபீல்ட் விடைபெற்றுப் போனதும் கின்னஸ் கேட்ட கேள்விகளை லெ காரே பிற்பாடு எழுதியிருக்கிறார். பனிப்போரைப் பற்றி ஒன்றுமில்லை, மாஸ்கோவைப் பற்றி ஒன்றுமில்லை. அவர் சட்டையின் கைப்பித்தான்கள் சற்று ஆடம்பரமாக இருந்தனவே, உளவுத்துறைக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான் போட்டுக்கொள்வார்களா? ஒயின் கோப்பையின் உள்பக்கம் விரலை ஓட்டினாரே, விஷத்தின் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தாரா?

கின்னஸ் வேலைக்குப் போகும் விதம் இதுதான். மனிதனின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் முதலில் கேட்பதில்லை. எப்படி நடக்கிறான், குடையை எந்தக் கையில் பிடிக்கிறான், கண்ணாடியை எதனால் துடைக்கிறான் என்று பார்ப்பார். அதிலிருந்து மெல்ல உள்ளே போவார்.

பத்திரிகைகள் அவருக்கு ‘ஆயிரம் முகம் கொண்டவர்’ என்ற பட்டத்தைக் கொடுத்தன. ஒட்டு மூக்கு, பொய்ப்பல், நரைத்த விக், பெண் வேடம் என்று அவர் போடாத கோலமில்லை. ஆனால் அறுபது ஆண்டுத் தொழிலை வரிசையாகப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது வேறு. அரிதாரத்தைக் கழுவிவிட்டு, கிட்டத்தட்ட ஒன்றுமே போட்டுக்கொள்ளாமல் அவர் செய்ததுதான் பெரிய வேலை. சறுக்கிய இடங்களில் பலவும் மறுபடி அரிதாரத்துக்குள் போய் ஒளிந்துகொண்ட இடங்கள்.

மூன்று பெயர், முப்பது வீடு

1914 ஏப்ரல் 2 அன்று லண்டன் மைடா வேல் பகுதியில் பிறந்தார். பதிவேட்டில் குழந்தையின் பெயர் அலெக் கின்னஸ் டி கஃப். தந்தை பெயர் எழுத வேண்டிய கட்டம் காலி. தாய் ஆக்னஸ் கஃப் மணமாகாதவர். ஆண்ட்ரூ கெடஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர் மாமா முறை சொல்லிக்கொண்டு எப்போதாவது வந்து பார்ப்பார். பள்ளிக் கட்டணம் அவர் கையிலிருந்து வந்தது. தந்தை அவராகத்தான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ‘கின்னஸ்’ என்ற பெயரை வைத்து, அயர்லாந்தின் பீர் முதலாளிக் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டவர்களும் உண்டு. எதுவும் உறுதியாகவில்லை. தகப்பன் யாரென்ற கேள்விக்குக் கடைசிவரை அவருக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை.

நடுவில் தாய் ஸ்டிவன் என்ற ராணுவ அதிகாரியை மணந்தார். முரட்டு மனிதர், சிறுவனுக்கு அவரைக் கண்டாலே நடுக்கம். சில ஆண்டுகள் பையன் பள்ளியில் அலெக் ஸ்டிவன். பதினான்கு வயதில் திடீரென்று ‘உன் நிஜப் பெயர் கின்னஸ்’ என்று சொன்னார்கள். அந்த வயதுக்குள் தனக்கு மூன்று பெயர்கள், விடுதியும் வாடகை அறையுமாகச் சுமார் முப்பது ஜாகைகள் என்று சுயசரிதையில் அவரே கணக்குச் சொல்கிறார்.

இந்த இடத்தில் மனநல மருத்துவராகிவிடாத வாழ்க்கை வரலாற்றாசிரியர் குறைவு. பெயரில்லாத பிள்ளை பல பெயர்களில் வாழத் தொடங்கினான் என்று எழுதிவிடலாம். கேட்கவும் நன்றாக இருக்கும். எனக்கு அதைவிடச் சாதாரணமான ஒரு காரணம் போதும். வாடகை பாக்கி வைத்துவிட்டு வீடு மாறிக்கொண்டே இருக்கும் தாயோடு வளரும் பிள்ளை, படியேறி வரும் காலடியை வைத்தே ஆளை எடைபோடப் பழகிவிடும். வருவது வீட்டுக்காரியா, மாமாவா, அந்த முரட்டு ராணுவ அதிகாரியா? பின்னாளில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முதலில் நடையைத் தேடினார் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். சேர்க்காமலும் விடலாம்.

நடிப்பு உனக்கு வராது என்று பள்ளித் தலைமையாசிரியர் சொல்லியனுப்பினார். விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் வேலை. அங்கிருந்து ஒருநாள் அன்றைய மேடையின் இளவரசர் ஜான் கீல்கட்டுக்கே நேராகத் தொலைபேசி செய்து, என்ன படிக்கலாம், யாரிடம் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். கீல்கட் அவரை நடிகை மார்ட்டிட்டா ஹன்ட்டிடம் அனுப்பினார். சில பாடங்களுக்குப் பிறகு அந்த அம்மையாரும் ‘உனக்கு இது வராது’ என்று சொல்லிப் பார்த்தார். பையன் போகவில்லை. பிறகு ஃபே காம்ப்டன் நாடகப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆண்டு விழாவில் பரிசுக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்க வந்திருந்த கீல்கட், பரிசை இவருக்கே கொடுத்தார்.

இருபதாவது பிறந்தநாளன்று, 1934 ஏப்ரல் 2-இல், ‘லைபல்’ என்ற நாடகத்தில் வசனமே இல்லாத வேடத்தில் முதன்முதலாகச் சம்பளத்துக்கு மேடையேறினார். அதற்கடுத்து ‘க்வியர் கார்கோ’. அதில் ஒரே இரவில் சீனக் கூலி, பிரெஞ்சுக் கடற்கொள்ளைக்காரன், ஆங்கில மாலுமி என்று மூன்று சில்லறை வேடங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கீல்கட் தன்னுடைய புகழ்பெற்ற ‘ஹாம்லெட்’டில் ஆஸ்ரிக் வேடத்தைக் கொடுத்துவிட்டார். ஒத்திகையில் பிடிக்காமல், கண்ணில் படாதே என்று விரட்டியதும், ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரச் சொன்னதும் அதே கீல்கட்தான். 1935-இல் ‘நோவா’ என்ற நாடகம். கின்னஸ் ஓநாய். புலி வேடத்தில் மெருலா சாலமன் என்ற பெண். மூன்று ஆண்டு கழித்துத் திருமணம் செய்துகொண்டார்கள். அறுபத்திரண்டு ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.

இரண்டு ஹாம்லெட்

ஆங்கில மேடையில் அன்று கொடி கட்டிப் பறந்தவர்கள் கீல்கட், ஒலிவியே, ரால்ஃப் ரிச்சர்ட்சன். கீல்கட்டுக்குக் குரல். ஒலிவியேவுக்கு உடம்பு, சிங்கம் மாதிரி மேடையில் பாய்வார். கின்னஸிடம் இரண்டும் இல்லை. குரல் மெல்லியது, முகம் தபால் நிலைய வரிசையில் நிற்கும் எவருடைய முகமும்தான். 1938-இல் ஓல்ட் விக் அரங்கில் டைரோன் கத்ரி அவரை ஹாம்லெட்டாக்கினார். இன்றைய உடை, ஒரு வரியும் வெட்டாத முழு நாடகம், ஒஃபீலியாவின் சவ அடக்கத்தில் துக்கக்காரர்கள் குடை பிடித்து நின்றார்கள். ஹாம்லெட்டுக்கு வயது இருபத்துநான்கு. அடக்கமான, புத்திசாலியான இளவரசன் என்றார்கள். பெரிய புயல் ஒன்றும் வீசவில்லை.

பதின்மூன்று ஆண்டு கழித்து, திரையில் பெயர் வாங்கிய தெம்பில், நியூ தியேட்டரில் மறுபடி ஹாம்லெட். இம்முறை இயக்கத்திலும் தன் கையே ஓங்கியிருந்தது. முகத்தில் தாடி. முதல் நாள் ஒளியமைப்பு சொதப்பியது. இருட்ட வேண்டிய இடத்தில் வெளிச்சம், வெளிச்சம் வேண்டிய இடத்தில் இருட்டு. மேல்மாடத்திலிருந்து கூச்சல். மறுநாள் விமர்சனங்கள் கிழித்துப் போட்டன. இதில் ஒரு கிளைக்கதை: நாடகத்துக்குள் வரும் நாடகத்தின் அரசனாக நடித்தவர் கெனத் டைனன் என்ற இளைஞர். ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ அவர் நடிப்பைக் கழுவி ஊற்றியது. டைனன் அதற்கு எழுதிய நகைச்சுவையான பதில் கடிதத்தைப் பார்த்து அதே பத்திரிகை அவரை விமர்சகராக்கியது. இங்கிலாந்தின் மிகக் கூர்மையான நாடக விமர்சகர் பிறந்தது அந்தத் தோல்வியில்தான். அவரே இரண்டு ஆண்டு கழித்து கின்னஸைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

இரண்டு ஹாம்லெட்டுக்கும் நடுவில் போர். சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்து, அதிகாரியாகி, துருப்புகளைக் கரையிறக்கும் கப்பல் ஒன்றை ஓட்டினார். 1943 ஜூலையில் சிசிலிப் படையெடுப்பு. ஒரு மணி நேரம் தள்ளிப் போகச் சொன்ன உத்தரவு இவருக்கு வந்து சேரவில்லை. குறித்த நேரத்துக்குத் தனியாகப் போய்க் கரை தொட்டார். திட்டிய மேலதிகாரியிடம், லண்டனில் எட்டு மணிக்குத் திரை தூக்குவோம் என்று விளம்பரம் செய்தால் எட்டுக்குத் தூக்குவோம் என்று பதில் சொன்னதாக அவரே சொல்லும் கதை ஒன்று உண்டு. கொஞ்சம் மெருகேற்றியிருப்பார், பரவாயில்லை.

மூக்கு

திரைக்கு அவரைக் கொண்டுவந்தது டிக்கன்ஸ். 1939-இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலை கின்னஸ் தானே நாடகமாக்கி, ஹெர்பர்ட் பாக்கெட்டாக நடித்தார். மிஸ் ஹாவிஷாமாக, ‘உனக்கு இது வராது’ என்ற அதே மார்ட்டிட்டா ஹன்ட். பார்வையாளர்களில் ஒருவர் டேவிட் லீன். போர் முடிந்து 1946-இல் லீன் அந்த நாவலைப் படமாக்கியபோது இருவரையும் அதே வேடங்களுக்கு அழைத்தார்.

அடுத்து ‘ஆலிவர் ட்விஸ்ட்’. ஜேப்படித் திருடர்களின் கிழட்டுத் தலைவன் ஃபேகினாக நடிக்கிறேன் என்று கின்னஸ் கேட்டபோது லீன் சிரித்தார். ஒரே ஒரு ஒத்திகைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி, ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் என்ற ஒப்பனைக் கலைஞர் கையில் தன்னை ஒப்படைத்து, மூக்கும் தாடியுமாக வந்து நின்றார். லீன் மறுபேச்சு பேசவில்லை. முப்பத்துமூன்று வயது இளைஞன் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அத்தனை முழுமையான மறைவு.

அந்த மூக்குதான் பிரச்சினை. நாவலுக்கு ஜார்ஜ் குரூக்ஷாங்க் வரைந்த பழைய படங்களைப் பார்த்துச் செய்தது. ஐரோப்பா நூறாண்டுகளாக யூதர்களைக் கேலி செய்ய வரைந்து வந்த அதே மூக்கு. படம் வந்தது 1948-இல். வதை முகாம்கள் விடுவிக்கப்பட்டு மூன்றே ஆண்டுகள். பெர்லினில் திரையிட்டபோது யூதர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அமெரிக்காவில் 1951 வரை வெளியிடவில்லை. வந்தபோதும் ஃபேகினின் காட்சிகளை வெட்டித்தான் விட்டார்கள். ‘யூதன்’ என்ற சொல்லை டிக்கன்ஸே பிற்காலப் பதிப்பில் பல இடங்களில் எடுத்துவிட்டிருந்தார். எண்பது ஆண்டு கழித்துப் படமெடுத்தவர்களுக்கு அந்த யோசனை வரவில்லை. நடிப்பு அபாரம். யாரை எப்படிக் காட்டுகிறோம் என்ற கேள்வியை ஒப்பனை அறையில் எவரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்த ஆண்டு ஈலிங் ஸ்டூடியோவின் ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’. பிரபுப் பட்டத்துக்காக ஒருவன் தன் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டும் கறுப்பு நகைச்சுவை. டாஸ்காய்ன் குடும்பத்தில் நான்கு வேடங்கள் என்றுதான் கேட்டார்கள். படித்துவிட்டு, எட்டையும் ஏன் கொடுக்கக் கூடாது என்றார் கின்னஸ். பாதிரியார், வங்கியாளர், தளபதி, அட்மிரல், பெண் வாக்குரிமைக்காகப் பலூனில் பறக்கும் லேடி அகதா. தேவாலயக் காட்சியில் ஆறு பேரை ஒரே சட்டகத்தில் காட்ட வேண்டும். கணினி இல்லாத காலம். ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம் லென்ஸின் பெரும்பகுதியை மறைத்து, ஒருவரைப் படம்பிடித்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த வேடத்துக்குக் காத்திருந்து, மறுபடி பிடித்தார். கேமரா மயிரிழை நகர்ந்தாலும் எல்லாம் பாழ் என்பதால் இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார்.

இந்தப் படத்தை வேடங்களின் எண்ணிக்கைக்காகப் புகழ்வது வழக்கம். திரும்பப் பார்த்தால் ஒன்று புரியும்: எட்டில் பாதிப் பேருக்கு ஒப்பனை மிகக் கொஞ்சம். தன் கப்பல் மூழ்கும்போது சல்யூட் அடித்தபடியே தண்ணீருக்குள் போகும் அட்மிரலையும், தொணதொணக்கும் பாதிரியாரையும் பிரித்துக் காட்டுவது முதுகும் கழுத்தும்தான்.

‘தி லாவெண்டர் ஹில் மாப்’ (1951) படத்தின் ஹாலண்ட், இருபது ஆண்டு தங்கக் கட்டிகளுக்குக் காவலாகப் போய்வந்து ஒருநாள் அவற்றையே திருடத் திட்டமிடும் வங்கி எழுத்தர். தங்கத்தை உருக்கி, ஈஃபில் கோபுரப் பொம்மைகளாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்பும் அந்தச் சாதுவின் கண்ணில் ஒரு சின்ன மினுக்கல் வரும், அவ்வளவுதான். அதற்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை. அதே ஆண்டு ‘தி மேன் இன் தி ஒயிட் சூட்’. 1955-இல் ‘தி லேடிகில்லர்ஸ்’; துருத்திய பல்லும் தொங்கும் மயிருமாகப் பேராசிரியர் மார்க்கஸ். மறுபடி கோலம், ஆனால் இங்கே கேலிச்சித்திரம்தான் தேவைப்பட்டது.

பிரான்சில் ஒரு தெரு

1954-இல் ‘ஃபாதர் பிரவுன்’ படத்துக்காக பர்கண்டிக்குப் போயிருந்தார். மாலையில் பாதிரியார் அங்கியோடு விடுதிக்கு நடந்துவந்தபோது, முன்பின் தெரியாத ஒரு சிறுவன் ஓடிவந்து, ‘ஃபாதர்’ என்று கையைப் பிடித்துக்கொண்டு, ஏதேதோ பேசியபடி கூடவே நடந்து, பிறகு வணங்கிவிட்டு ஓடிப்போனான். தன் பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்டால் பயந்துவிடுவான் என்று கின்னஸ் வாயே திறக்கவில்லை. ஒரு உடுப்புக்கு இத்தனை நம்பிக்கையா என்று யோசிக்க வைத்தது அந்த நடை. ஏறக்குறைய அதே காலத்தில் மகன் மாத்யூவை இளம்பிள்ளைவாதம் படுக்கையில் தள்ளியிருந்தது. வழியிலிருந்த கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்து, பையன் பிழைத்தால் அவன் கத்தோலிக்கனாக விரும்பும்போது குறுக்கே நிற்க மாட்டேன் என்று பேரம் பேசினார். மாத்யூ எழுந்து நடந்தான். 1956-இல் தகப்பன் மதம் மாறினார்.

களனி ஆற்றின் மேல் ஒரு பாலம்

மகனின் அந்த நடை இலங்கைக்குப் பயணப்பட்டது. ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ கதை நடப்பது தாய்லாந்தில், படமெடுத்தது இலங்கையில். கித்துல்கலையில் களனி ஆற்றுக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டினார்கள், நிஜ ரயிலை ஓட்டினார்கள், 1957-இல் பாலத்தையும் ரயிலையும் சேர்த்தே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கர்னல் நிக்கல்சன் வேடத்தை கின்னஸ் முதலில் மறுத்தார். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் பேசிக் கரைத்தார். கொழும்பில் வந்து இறங்கியவரிடம் லீன், இந்த வேடத்துக்கு நான் நினைத்தது சார்ல்ஸ் லாட்டனைத்தான் என்றாராம். வரவேற்பு அப்படி. பிறகு தினமும் தகராறு. நிக்கல்சன் சலிப்பூட்டும் ஆள், அப்படியே நடி என்பது இயக்குநரின் கட்சி. சலிப்பூட்டுபவனை இரண்டரை மணி நேரம் யார் பார்ப்பது, ஒரு துளி நகைச்சுவையாவது வேண்டும் என்பது நடிகரின் கட்சி. இந்தச் சண்டையில் இருவருமே தோற்கவில்லை என்பதுதான் படத்தின் அதிர்ஷ்டம். சிரிக்கவும் முடியாமல், வெறுக்கவும் முடியாமல் ஒரு மனிதன் கிடைத்தான். சட்டப் புத்தகத்தைக் கவசமாகப் பிடித்துக்கொண்டு, கைதியாக இருந்தும் எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுத்து, அதைத் தன் படையின் பெருமை என்று நம்புபவன்.

அதிகாரிகள் கூலிவேலை செய்யக் கூடாது என்று அடம்பிடித்ததற்காக நிக்கல்சனைத் தகரக் கொட்டடியில் பல நாள் பூட்டி வைக்கிறார்கள். கதவு திறக்கிறது. முகாம் தலைவரின் குடிசை வரை வெயிலில் நடந்து போக வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்கிறது, கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் யோசிக்கிறது. நோயிலிருந்து மீண்ட மாத்யூ மறுபடி நடக்கப் பழகியபோது வீட்டில் பார்த்த நடை அது. அதை அப்படியே எடுத்து ஒரு ராணுவ அதிகாரியின் மானத்துக்குக் கொடுத்தார். வசனம் இல்லை, ஒட்டு மூக்கு இல்லை. தன் நடிப்பிலேயே சிறந்த துண்டுகளில் ஒன்றாக அவர் இதைத்தான் கருதினார்.

அவர் இலங்கையில் இருந்த மாதங்களில், சொல்லாமல் கொள்ளாமல், மெருலாவும் கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்தார். படம் ஏழு ஆஸ்கர் வாங்கியது. சிறந்த நடிகர் விருதும் அதில் அடக்கம். முதலில் வெளியான பிரதிகளின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயரை ஓர் எழுத்து விட்டுத் தப்பாக அச்சிட்டிருந்தார்கள். பெயர் விஷயத்தில் அவருக்கு அப்படி ஒரு ராசி.

1959-இல் சர் பட்டம். அதன் பிறகு இருபது ஆண்டுகளில் நல்லதும் கெட்டதும் கலந்தே வந்தன. ‘தி ஹார்ஸஸ் மவுத்’ படத்துக்குப் பட்டம் வருவதற்கு முன்பே திரைக்கதையும் எழுதியிருந்தார். ‘ட்யூன்ஸ் ஆஃப் க்ளோரி’யின் முரட்டு ஸ்காட்லாந்து அதிகாரி ஜாக் சின்க்ளேர், சாது வேடம் மட்டும்தான் வரும் என்பவர்களுக்கு நல்ல பதில். மேடையில் 1960-இல் அரேபிய லாரன்ஸாக ‘ராஸ்’. இரண்டு ஆண்டு கழித்து லீனின் ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் லாரன்ஸ் பீட்டர் ஓ’டூல், கின்னஸ் இளவரசர் ஃபைசல். நியூயார்க்கில் கவிஞர் டிலன் தாமஸாக நடித்து 1964-இல் டோனி விருது. ஜப்பானிய வணிகராக ஒரு படம், ஹிட்லராக ஒன்று, போப்பாண்டவராக ஒன்று. முகத்துக்கு மஞ்சளும் பழுப்பும் பூசிய அந்த வேடங்களில் பலவற்றை இன்று நெளியாமல் பார்க்க முடியாது.

தங்கச் சுரங்கமும் ஒரு சிறுவனும்

1977-இன் ‘ஸ்டார் வார்ஸ்’ உலகமே அறிந்த கதை. வசனங்கள் குப்பை, ஆனால் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியவில்லை என்பது கதையைப் படித்ததும் அவருடைய எண்ணம். சம்பளத்தோடு லாபப் பங்கும் கேட்டார். கடைசியில் ஒப்பந்தத்தில் நின்றது இரண்டேகால் சதவீதம். மேடையில் பல ஆண்டு சம்பாதிக்காததை அந்த இரண்டேகால் கொண்டுவந்து கொட்டியது. துனீசியப் பாலைவனத்தில் கம்பளி அங்கியோடு நின்றவர் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் ஹாரிசன் ஃபோர்டின் பெயர் ஞாபகம் வராமல் ‘டென்னிசன்’ ஃபோர்டு என்று போட்டு, இப்படி இருக்காதே என்று தன்னையே சந்தேகித்துக்கொண்டிருக்கிறார்.

படத்தை அவர் வெறுத்தார் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ரசிகர்களின் பைத்தியம்தான் அவரைப் பயமுறுத்தியது. நூறு தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்ன அமெரிக்கச் சிறுவன் ஒருவனிடம், இனி ஒருபோதும் பார்க்காதே, சத்தியம் செய் என்று கேட்டாராம். பையன் அழுதான், தாய்க்குக் கோபம். கடைசிப் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆனால் திரையில் அவருடைய ஓபி-வான் கெனோபியைப் பாருங்கள். பொம்மை எந்திரங்களும் பறக்கும் தட்டுகளும் நிறைந்த அந்தக் கூத்துக்கு நடுவில், ‘விசை’ என்று ஒன்று இருப்பதாக நாம் நம்புவது அவர் அதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் பேசாமல் இருப்பதால்தான். வேடிக்கை என்னவென்றால், அதே படத்தின் ஒப்பனைக்குப் பொறுப்பு ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். ஃபேகினின் மூக்கைச் செய்தவர். அடுத்த பாகத்துக்கு யோடாவை உருவாக்கியவரும் அவரே.

ஸ்மைலி

1979-இல் ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’, ஏழு வாரம். 1982-இல் ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’, ஆறு வாரம். ஸ்மைலி குள்ளம், குண்டு. நான் இரண்டும் இல்லையே என்று லெ காரேவுக்குக் கடிதம் எழுதித் தயங்கினார். தொப்பைக்குப் பஞ்சு வைக்கவில்லை, கன்னத்துக்கு ரப்பர் ஒட்டவில்லை. கனமான கண்ணாடி, மேல்கோட்டு, ஒரு குடை. தன் துறைக்குள்ளேயே இருக்கும் துரோகியைக் கண்டுபிடிக்க வேண்டும். துரோகி தன் மனைவியின் காதலனும்கூட என்பது போகப் போகத் தெரியும். மற்றவர்கள் பேசுகிறார்கள், புலம்புகிறார்கள், பொய் சொல்கிறார்கள். ஸ்மைலி கேட்டுக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி டையின் அகன்ற முனையால் துடைக்கிறார். அந்தச் சில நொடியில் அவருக்கு எதிரில் உள்ளவர் மங்கலாகத்தான் தெரிவார். நமக்கோ அவருடைய கண் முதன்முறையாக மூடியில்லாமல் தெரியும். ஒரு பழக்கத்தை நடிப்பாக மாற்றுவது எப்படி என்று கேட்கும் மாணவருக்கு இந்த ஒன்றைக் காட்டலாம்.

பரம எதிரியான ரஷ்ய உளவுத் தலைவன் கார்லாவைப் பல ஆண்டு முன்பு டெல்லிச் சிறையில் சந்தித்த காட்சி ஒன்று வரும். கார்லா பாட்ரிக் ஸ்டூவர்ட். இரண்டு தொடரிலும் ஒரு சொல்லும் பேச மாட்டார். இளம் ஸ்மைலி வாதாடுகிறார், கெஞ்சுகிறார், தன் மனைவியைப் பற்றித் தேவையில்லாமல் உளறுகிறார். எப்போதும் கேட்டு வாங்கும் ஆள், கொடுத்துவிடுகிற ஆளாகிப் போன ஒரே இடம். இரண்டாம் தொடரின் முடிவில் பெர்லின் எல்லையில் கார்லா நடந்து வந்து சரணடையும்போது ஸ்மைலியின் முகத்தில் வெற்றி இருக்காது. இரண்டுக்குமே பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது. பாத்திரத்தைத் தன்னிடமிருந்து கின்னஸ் எடுத்துக்கொண்டுவிட்டார், எழுதும்போது அவர் குரல்தான் கேட்கிறது என்றார் லெ காரே. பாராட்டும் இருந்தது, புகாரும் இருந்தது.

இதற்குப் பிறகும் 1984-இல் ஏன் பேராசிரியர் காட்போலே ஆனார்? லீனுடன் ஆறாவது, கடைசிப் படம் ‘எ பாஸேஜ் டு இந்தியா’. பெங்களூரில் அரங்கம் போட்டு, சவனதுர்கா பாறைகளில் குகைகளைக் கண்டுபிடித்து எடுத்தார்கள். டாக்டர் அஸீஸாக விக்டர் பானர்ஜி, அம்ரித்ராவாக ரோஷன் சேத். அத்தனை இந்திய நடிகர்களுக்கு நடுவில், சித்பாவன் பிராமணராக எழுபது வயது ஆங்கிலேயர், தலைப்பாகையும் பழுப்புப் பூச்சும். ஸ்மைலியை அங்குலம் அங்குலமாகக் கவனித்துச் செதுக்கியவர் இங்கே ‘மர்மமான கிழக்கு’ என்று மேற்கு வைத்திருக்கும் பொம்மையை மாட்டிக்கொண்டார். கஷ்டப்பட்டுப் பழகிய நடனக் காட்சியையும் லீன் வெட்டி எறிந்தார். பழைய நட்பு அதோடு கசந்தது. கின்னஸுக்கே இந்த வேடத்தில் திருப்தியில்லை. வெட்டியது லீன் செய்த உதவி என்பது என் எண்ணம்.

டிக்கன்ஸ் மறுபடி வந்தார். 1987-இல் கிறிஸ்டீன் எட்சார்ட் தேம்ஸ் கரையில் ராதர்ஹித் கிடங்கு ஒன்றை ஸ்டூடியோவாக்கி, உடைகளைக் கையாலேயே தைத்து, ‘லிட்டில் டாரிட்’ நாவலை ஆறு மணி நேரப் படமாக எடுத்தார். கடன்காரர் சிறையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கிடந்து, ‘சிறையின் தந்தை’ என்று மற்ற கைதிகளிடம் மரியாதை வாங்கிக்கொள்ளும் வில்லியம் டாரிட் கின்னஸ். வந்து போகிறவர்களிடம் பிச்சை என்று தெரியாமல் பிச்சை வாங்கும் ஒரு பழைய கனவான். கையை நீட்டமாட்டார், நாணயம் தானே வந்து விழும்படி உள்ளங்கையை எங்கோ மறந்து வைத்திருப்பார். பின்னால் சொத்து வந்து, ரோமில் பெரிய மனிதர்களின் விருந்தில் நிலைதடுமாறி, தான் இன்னும் சிறையில் இருப்பதாக நினைத்து விருந்தினர்களைப் புதுக் கைதிகளாக வரவேற்பார். சட்டைக் காலரில் தடவிப் பார்க்கும் விரல்கள் மட்டும்தான் மாறும். அதற்கு அவருக்கு வந்தது கடைசி ஆஸ்கர் பரிந்துரை. அடுத்த ஆண்டு லண்டன் காமெடி தியேட்டரில் ‘எ வாக் இன் தி வுட்ஸ்’ நாடகத்தில் சோவியத் ராஜதந்திரியாக நடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். திரும்ப ஏறவில்லை. பீட்டர்ஸ்ஃபீல்ட் பக்கத்துக் கிராமத்து வீட்டில் நாட்குறிப்பு எழுதி இரண்டு புத்தகமாக வெளியிட்டார். 2000 ஆகஸ்ட் 5 அன்று மறைந்தார். அக்டோபரில் மெருலாவும் போய்ச் சேர்ந்தார்.

இவரை இதுவரை பார்க்காதவர்கள் பெரும்பாலும் ஓபி-வானிலிருந்துதான் தொடங்குவார்கள். தப்பில்லை. நேரமிருந்தால் முதலில் ‘லாவெண்டர் ஹில் மாப்’, பிறகு ‘குவாய்’, அதன் பிறகு அவசரமில்லாத ஒரு வாரத்தில் ‘டிங்கர் டெய்லர்’ ஏழு பாகமும். ‘லிட்டில் டாரிட்’டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வேண்டும். காட்போலேவை விட்டுவிடலாம்.